கினி எலிக்கும் ஒரு கீரைத்தொட்டி



தீபாவளிப் போனசு கைக்கு வந்ததும் திருப்பூர்க் குடும்பங்களில் பல செலவுகள் நடைபெறுகின்றன. கடன் அடைபடும், புத்தாடை வரும், பழைய தையல் இயந்திரம் புதியதாகும். அண்மைக் காலத்தில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. செல்லப் பிராணிக் கடைக் கூண்டுகளில் அமர்ந்து வட்டக் கண்களால் விழிக்கும் கினி எலிகளைக் குழந்தைகள் கேட்கிறார்கள். பெற்றோர் மறுக்க மனமின்றி வாங்கிக் கொடுக்கிறார்கள். தந்தை நிட்டிங்கிலும் தாய் செக்கிங்கிலுமாக ஷிப்டு முடியும்வரை பனியன் கம்பெனியில் இருக்க, லைன் வீட்டில் தனித்திருக்கும் பிள்ளைக்கு ஒரு சிறு உயிரின் துணை கிடைப்பது நல்லதே. அதைக் குறைகூற நான் எழுத முற்படவில்லை.

கடைக்காரர் கூண்டோடு ஒரு பொட்டலம் தீவனத்தையும் கொடுத்து, ‘இது ஒன்றே போதும்’ என்று சொல்லிவிடுவதுண்டு. பல வேளைகளில் அது முயல்களுக்காகச் செய்த தீவனமாக இருக்கிறது. முயலுக்கு அது போதும். கினி எலிக்குப் போதாது. அதை மட்டும் தின்னும் கினி எலி சில வாரங்களில் சுருண்டு படுத்துவிடும். காரணம் அறியாத பிள்ளை அழும். ‘ஏதோ நோய்’ என்று சொல்லிப் பெரியவர்கள் அதை மறந்துவிடுவார்கள். உண்மையில் அது நோய்க்கிருமியால் வந்த சாவன்று. பசுமை கிடைக்காமல் வந்த சாவு. ஒரு தொட்டிக் கொத்தமல்லியால் தடுத்திருக்கக் கூடியது. எனவே அந்தத் தொட்டியைப் பற்றி இம்மாதம் சற்று விரிவாகப் பேசுவோம்.

கினிப்பன்றி என்றும் சொல்லப்படும் இவ்வுயிர் பன்றியுமன்று. ஆப்பிரிக்காவின் கினி நாட்டைச் சேர்ந்ததுமன்று. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைத்தொடரில் வாழும் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழக்கிய கொறிவிலங்கு இது. அங்கே இதன் பெயர் ‘கூய்’. பெரு நாட்டின் கூஸ்கோ பேராலயத்தில் மார்கோஸ் சபாட்டா என்னும் ஓவியர் 18-ஆம் நூற்றாண்டில் தீட்டிய இறுதி இராவுணவு ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் மேசை நடுவிலுள்ள தட்டில் கிடப்பது கூய் என்றே அவ்வூர் மக்கள் பலரும் கூறுகின்றனர். அவர்களுக்கு அது விருந்துணவு. நம் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தோழன்.

அதே பெரு நாட்டின் லீமா நகரில் 1579-இல் பிறந்து 1639-இல் மறைந்தவர் புனித மார்ட்டின் தே போரஸ். இளமையில் நாவிதத் தொழிலையும் அதனோடு சேர்ந்த மருத்துவத்தையும் கற்றவர், சாமிநாதர் சபை மடத்தில் நோயாளிகளைப் பேணியவர், மூலிகைகளை அறிந்தவர். மடத்துத் துணிமணிகளைக் கடித்துச் சேதப்படுத்திய எலிகளைக் கொல்ல விடாமல், தோட்டத்து மூலையில் அவற்றுக்கு நாள்தோறும் உணவு வைத்து வெளியே அழைத்துச் சென்றார் என்பது அவரைப் பற்றிய மரபுச் செய்தி. நாயும் பூனையும் எலியும் ஒரே தட்டில் உண்பதுபோல் அவருடைய படங்கள் வரையப்படுவது இதனாற்றான். 1962-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. மூலிகைகளை அறிந்து சிற்றுயிர்களுக்கு இரங்கிய அவரை, கினி எலி வளர்க்கும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளுதல் தகும்.

இனி விஷயத்திற்கு வருவோம். ஆடு, மாடு, நாய், பூனை, முயல் ஆகியவை வைட்டமின் ‘சி’ எனும் சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதனுக்கும் குரங்கினத்தில் பலவற்றுக்கும் கினி எலிக்கும் அத்திறன் இல்லை. அச்சத்தை ஆக்கும் கடைசிப் படிக்கு வேண்டிய நொதி நம் உடலிலும் இல்லை. அதன் உடலிலும் இல்லை. நாள்தோறும் உணவின் வழியேதான் அது உள்ளே வரவேண்டும்.

இந்த ஒற்றுமை மருத்துவ வரலாற்றில் பெரிய வாசல் ஒன்றைத் திறந்தது. நார்வே நாட்டைச் சேர்ந்த ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்னும் இருவர், கப்பல் மாலுமிகளை வாட்டிய நோயை ஆராயப் புகுந்து, கினி எலிகளுக்குத் தானியமும் ரொட்டியும் மட்டும் கொடுத்துப் பார்த்தனர். அவற்றுக்கு மாலுமிகளின் ஈறுகளைக் குலைத்த அதே ஸ்கர்வி நோய் கண்டது. முட்டைக்கோசும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தபோது நோய் விலகியது. 1907-இல் அவர்கள் இதை வெளியிட்டனர். 1932-இல் ஹங்கேரி நாட்டு அறிஞர் சென்ட்-கியார்கி தாம் பிரித்தெடுத்த பொருள்தான் வைட்டமின் ‘சி’ என்று நிறுவியதும் கினி எலிகளின் துணையாலேயே. 1937-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நமக்கு மிக அருகில், நீலகிரியின் குன்னூரிலும் இவ்வரலாற்றின் ஓர் ஏடு எழுதப்பட்டது. அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில் 1918-ஆம் ஆண்டு இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் உணவுக் குறைவால் வரும் நோய்களை ஆராயத் தொடங்கினார். பச்சை உணவு மறுக்கப்பட்ட கினி எலிகளின் உள்ளுறுப்புகளில் நேரும் கேடுகளை அவர் குறித்து வைத்தார். அந்த ஆய்வுக்கூடமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நம் பிள்ளைகளுக்கு எது சத்துணவு என்று இன்று நாம் அறிந்திருப்பதில் இச்சிற்றுயிர்களின் பங்கும் உண்டு. நாம் அவற்றுக்குக் கடன்பட்டவர்கள்.

நோயின் அறிகுறிகளை வீட்டார் அறிந்திருக்க வேண்டும். துள்ளித் திரிந்தது மூலையில் ஒடுங்கும், தொட்டால் வலியால் கீச்சிடும், கால் மூட்டுகள் வீங்கும், மயிர் கரடுமுரடாகும், ஈறில் இரத்தம் கசியும், தீனியில் நாட்டம் குறையும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் பிள்ளைக்கு வாங்கிய மருந்தில் மீதியைக் கொடுக்கும் வழக்கம் இங்கே உயிருக்கு உலை வைப்பதாகும். நாம் சாதாரணமாக விழுங்கும் அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் கினி எலியின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, சில நாட்களில் அதைக் கொன்றுவிடக் கூடியவை.

அதன் அன்றாட உணவில் பெரும்பங்கு புல்லாகவே இருத்தல் வேண்டும். கினி எலியின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நாருள்ள புல்லை இடைவிடாது அரைத்தால்தான் அவை தேயும். குடல் இயங்குவதற்கும் அந்த நாரே வேண்டும். ஆதலால் உலர்ந்த புல் கூண்டில் எந்நேரமும் இருக்கட்டும். இதற்கு நாம் வெளிநாட்டுப் பொட்டலத்தைத் தேடி அலைய வேண்டுவதில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கிளுவை வேலி சூழ, வெள்வேல மரங்கள் நிற்கும் கொறங்காடுகளை நாம் பார்த்திருக்கிறோம். காங்கேயம் மாடுகளை வளர்த்த அக்காடுகளின் கொழுக்கட்டைப்புல், பூத்துக் கதிர் முற்றுமுன் அறுத்து நிழலில் உலர்த்தினால், மிக நல்ல தீனி. உறவினர் தோட்டத்திலிருந்து ஒரு சாக்கு கொண்டுவந்தால் வாரக்கணக்கில் வரும். அருகம்புல்லும் நன்று. வைக்கோலில் சத்துக் குறைவு. படுக்கைக்கு ஆகும், உணவுக்கு ஆகாது. இளஞ்சோளப் பயிரை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அதிலுள்ள நஞ்சு மாட்டையே சாய்த்துவிடும் என்பதை நம் உழவர்கள் அறிவார்கள்.

புல்லுக்கு அடுத்து வருவது பச்சிலை. வளர்ந்த கினி எலி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு கிண்ணம் கலந்த பச்சிலை போதுமானது. உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வைட்டமின் ‘சி’ அதற்கு நாள்தோறும் வேண்டும். சினையுற்றதற்கு இன்னும் மிகுதியாக வேண்டும். கொத்தமல்லி, புதினா, திருநீற்றுப்பச்சிலை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். வெந்தயக்கீரையை இடையிடையே சேர்க்கலாம். இவற்றோடு குடைமிளகாயில் ஒரு துண்டு கொடுத்தால் அன்றைய தேவை பெரும்பாலும் நிறைவேறும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இச்சத்து உண்டு. ஆயினும் இனிப்பு மிகுந்தது ஆகையால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் விரல்நுனி அளவு துண்டு போதும்.

முருங்கைக்கீரையும் அகத்தியும் நமக்கு மிக நல்லவை. கினி எலிக்கோ அவற்றின் மிகுந்த சுண்ணாம்புச் சத்து சிறுநீர்ப்பையில் கல்லாகிவிடலாம். குதிரைமசாலும் அத்தகையதே, குட்டிக்கும் சினைக்கும் கொடுக்கலாம், வளர்ந்ததற்கு அன்றாடம் வேண்டாம். முளைக்கீரை, பசலை முதலியவற்றையும் எப்போதாவது சிறிதளவே கொடுங்கள். எந்தப் புதிய இலையையும் முதல்நாள் இரண்டே இலையாகக் கொடுத்து, மறுநாள் புழுக்கை இளகாமல் இருந்தால் மட்டுமே கூட்டுங்கள். கினி எலியால் வாந்தியெடுக்க இயலாது. தின்ற தவற்றைத் திருப்பித் தள்ளும் வழி அதற்கு இல்லை.

இவற்றை வீட்டிலேயே வளர்ப்பது கடினமன்று. கொத்தமல்லி விதையை உள்ளங்கையால் அழுத்தி இரண்டாக உடைத்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து விதையுங்கள். பத்து நாள் அளவில் முளைக்கும், நாற்பது நாளுக்குள் கிள்ளலாம். வெந்தயம் மூன்று நான்கு நாளில் முளைத்து இருபத்தைந்து நாளில் கீரையாகும். சந்தையில் வாங்கிய புதினாக் கட்டில் தடித்த தண்டுகள் நான்கை இலை நீக்கித் தண்ணீரில் நிறுத்தினால் வேர்விடும். பிறகு அதை மண்ணில் நடலாம். திருநீற்றுப்பச்சிலை ஒரு முறை வேரூன்றினால் தானே விதை உதிர்த்துப் பெருகும். பதினைந்து நாளுக்கு ஒரு தொட்டியாகக் கொத்தமல்லி விதைத்து வந்தால் இடையறாது இலை கிடைக்கும். பறித்து நேரமாக ஆக இலையிலுள்ள வைட்டமின் குறைந்துகொண்டே போகும். தொட்டியிலிருந்து கிள்ளி உடனே கொடுக்கும் இலைக்கு ஈடு வேறில்லை.

ஆனால் திருப்பூரில் செடி வைப்பவர் பிற ஊரார் கேட்கத் தேவையில்லாத கேள்வி ஒன்றைக் கேட்டாக வேண்டும்: ‘இந்த மண்ணும் தண்ணீரும் எங்கிருந்து வந்தவை?’ வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையைக் கடந்து, நம் ஊரின் நடுவே ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலின் கதையை நாம் மறந்துவிட முடியாது. பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்கு ஏராளமான உப்பு வேண்டும். அவ்வுப்பும் சாயமும் கலந்த கழிவுநீர் பல ஆண்டுகள் ஆற்றில் சென்றது. பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. அணை வந்தால் வயல் செழிக்கும் என்று காத்திருந்த உழவர்கள், அந்நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. வழக்குகள் நீண்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டைச் செய்துகொண்டே பட்டறைகள் மீண்டும் இயங்கத் தொடங்கின. அந்நாட்களில் வேலையின்றி வாடிய குடும்பங்கள் நம் பங்குகளிலும் இருந்தன; நிலம் உவர்ப்பேறி வாடிய உழவர் குடும்பங்களும் இருந்தன. இரு பக்கத்துத் துயரையும் அறிந்த நாம், நிலத்தில் இறங்கிய உப்பு ஓராணையால் மறைந்துவிடாது என்பதையும் அறிவோம்.

ஆகவே ஆற்றங்கரை மண்ணையும் பழைய சாயப்பட்டறை ஓரத்து மண்ணையும் தொட்டிக்கு எடுக்காதீர்கள். ஆற்றோரத்திலும் சாக்கடையோரத்திலும் தழைத்து நிற்கும் புல்லை அறுத்து வராதீர்கள். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் கொத்தமல்லி நுனி கருகிச் செடியே உங்களுக்குச் சொல்லிவிடும். குழாயில் வரும் குடிநீர், பிடித்து வைத்த மழைநீர், அரிசி கழுவிய நீர் ஆகியவற்றை ஊற்றுங்கள். சோப்பு கலந்த நீர் வேண்டாம்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். பட்டறைகளிலிருந்து வரும் பழைய இரசாயனக் கேன்களும் பீப்பாய்களும் மலிவாகக் கிடைக்கின்றன என்று அவற்றை வெட்டிச் செடி வைப்பவர்கள் இருக்கிறார்கள். எத்தனை முறை கழுவினாலும் அவற்றில் இருந்தது என்ன என்பதை நாம் அறியோம். மண்தொட்டி, அரிசிச் சாக்கு, உடைந்த சமையலறை வாளி ஆகியவை போதும். சந்தைக் கீரையைக் கொடுப்பதானால் நன்கு அலசுங்கள்; பூச்சிமருந்து வாடை வீசினால் விலங்குக்கும் கொடுக்காதீர்கள், நீங்களும் உண்ணாதீர்கள்.

கொடுக்கலாகாதவற்றைப் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்திருக்கட்டும். வெங்காயம், பூண்டு, அவற்றின் தாள்; உருளைக்கிழங்கு, அதன் முளை; தக்காளி, கத்தரி ஆகியவற்றின் இலையும் தண்டும்; வெண்ணெய்ப்பழம். வேலியோரத்திலும் சாலையோரத்திலும் காணும் அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி, பார்த்தீனியம், கல்லறைத் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணி ஆகிய யாவும் நஞ்சு. சூபாபுல் தழை ஆட்டுக்கு ஆகும். இதற்கு மயிர் உதிரச் செய்யும். திருவிழாவுக்குப் பின் பீடத்து அலங்காரப் பூவையும் இலையையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பிள்ளைகள், அவற்றைக் கூண்டில் போட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். லில்லியும் மணிபிளாண்ட்டும் கண்ணுக்கு அழகு. கினி எலியின் வாய்க்குக் கேடு. சோறு, ரொட்டி, பிஸ்கட், முறுக்கு, பால் ஆகியவையும் அதற்கு உணவல்ல.

நம் ஊர்ச் சூழலுக்குரிய மற்றும் இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. முதலாவது வெயில். 30 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறினாலே கினி எலி துன்புறும். சித்திரை, வைகாசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் அது நண்பகலைத் தாங்குவது அரிது. ஈரச் சாக்கைக் கூண்டின்மேல் போட்டு, உள்ளே கவிழ்த்த மண்பானை ஒன்றை வைத்து, தரையோடு தரையாகக் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். இரண்டாவது நூல். கட்டிங் வேஸ்ட்டும் பனியன் துண்டும் நம் வீடுகளில் எளிதில் கிடைப்பதால் அவற்றையே படுக்கையாகப் போடுகிறார்கள். பிரிந்த நூல் காலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்தும்; விழுங்கினால் குடலை அடைக்கும். ஓரம் மடித்துத் தைத்த கெட்டித் துணியானால் குற்றமில்லை. தைக்கத் தெரிந்த தாய்மார் நிறைந்த ஊரில் இதற்குப் பஞ்சமில்லை.

கூட்டமாக வாழும் இவ்வுயிரைத் தனியே அடைப்பதும் கொடுமையே. சுவிட்சர்லாந்து நாடு 2008-ஆம் ஆண்டு விதிகளின் வழியே இதைத் தனியாக வளர்ப்பதைத் தடை செய்திருக்கிறது. இரண்டு பெண் கினி எலிகளாக வாங்குங்கள்; ஆணும் பெண்ணுமானால் ஓராண்டில் கூண்டு கொள்ளாது. ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை வாழக்கூடியவை அவை. வாங்குமுன் அத்தனை ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்க முடியுமா என்று குடும்பமாக அமர்ந்து எண்ணிப் பாருங்கள். முடியாதென்றால் வாங்காமலிருப்பதே அன்பு.

பெற்றோரே, இவ்வளவும் எலிக்காக மட்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வைட்டமின் ‘சி’யைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாத உயிர் உங்கள் வீட்டில் கூண்டுக்குள் மட்டும் இருக்கவில்லை. ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் காலையில் தேநீரும் பன்னும், இரவில் கடைப் பரோட்டாவுமாக வளரும் பிள்ளையின் தட்டில் கடைசியாகப் பச்சை நிறம் தெரிந்தது எந்த நாள்? கினி எலிக்கு அவ்வுணவு போதாது என்று சில வாரங்களில் அதன் உடல் காட்டிவிடுகிறது. பிள்ளையின் உடல் பொறுமையுள்ளது. சோர்வாகவும் ஈறில் கசியும் இரத்தமாகவும் ஆறாத புண்ணாகவும் மெல்லத்தான் காட்டும். கூண்டுக்காக வைத்த தொட்டியிலிருந்து ஒரு பிடி, இரசத்துக்கும் துவையலுக்கும் வரட்டும். தன் கினி எலிக்கென்று தானே விதைத்து நீரூற்றிய கொத்தமல்லியை எந்தப் பிள்ளையும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்காது.

பொறுப்பையும் அது அவ்வாறே கற்கும். மாலையில் பள்ளி விட்டு வந்ததும் தொட்டிக்கு நீர், கூண்டுக்கு இலை, தண்ணீர்ப் புட்டியை நிரப்புதல், பின் சோப்பால் கைகழுவுதல் என்று வேலையைப் பகுத்துக் கொடுங்கள். கைகழுவுதலை விட்டுவிடாதீர்கள், படர்தாமரை போன்றவை விலங்கிலிருந்து பிள்ளைக்குத் தொற்றக் கூடும். தன்னை நம்பி ஒன்று பசித்திருக்கிறது என்று உணர்ந்த பிள்ளை, வீட்டில் நோயுற்ற பாட்டிக்கும் ஒரு குவளை நீர் தானாகவே எடுத்துச் செல்லும். அந்தக் குணத்தைப் போனசுப் பணத்தால் வாங்கித்தர முடியாது.

இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு பிடி கொத்தமல்லி விதை வாங்குங்கள். அடுத்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது உங்கள் வீட்டு வாசற்படியில் பச்சை தெரியட்டும்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.